சுருட்டையின் கண்ணாடி

கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் வலது கையில் நகம் வளர்ப்பார்கள், இடது கையில் ஒட்ட வெட்டிவிடுவார்கள். விவரம் தெரியாதவர்களுக்கு, நகம் வெட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டதுபோலத் தோன்றும். இடது கை தந்தியை அழுத்துகிறது, வலது கை மீட்டுகிறது. மீட்டுகிற கைக்கு நகம்தான் குரல். அதன் விளிம்பு ஒரு மயிரிழை கரடாக இருந்தாலும் காதில் விழும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். லென்ஸின் விளிம்பை மழமழப்பாக்க மெல்லிய உப்புத்தாள் ஒன்று வைத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கொண்டுதான் பாப்பாவின் நகங்களைத் தேய்த்துக் கொடுப்பேன். அவள் ஒரு கையால் ரொட்டி தின்றுகொண்டே மற்ற கையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். சின்ன வயதில் தொடங்கிய வழக்கம். பதினெட்டு முடிந்த பிறகும் விடவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்தக் கையை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். யாரோ முரட்டு ஆள், கோபக்காரன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. நான் அவளை ஒருமுறைகூடக் கை நீட்டி அடித்ததில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவளுடைய அம்மா, பாப்பாவுக்கு ஐந்து வயது இருக்கும்போது வேலைக்காக வெளிநாடு போனாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு, "ஒரே வருஷம், அப்புறம் உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்குவேன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். மனசார சொன்னாள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். முதலில் தினமும் பேசினாள். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு பிறந்தநாளுக்கு. பிறகு பாப்பாவே, "அப்பா, போன் வந்தா நான் தூங்குறேன்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டாள். சண்டை போட்டுப் போயிருந்தால் சமாதானம் பேசியாவது கூப்பிட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டு போனவளை எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

ஆகவே பாப்பாவை வளர்த்தது நான். தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். பள்ளி நாடகத்துக்கு முயல் காது தைத்தேன். ஒரு காது எப்போதும் சரிந்தே நின்றது. ஒன்பது வயதில் அவள் கிட்டார் கேட்டாள். எங்கள் பகுதியில் இளையோர் கிட்டார் குழு ஒன்று இருக்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு மேல். எல்லோரும் கிட்டார்தான், ஆனால் அளவு வேறு வேறு. குழந்தைப் பொம்மை மாதிரி சின்னதும் உண்டு, வாசிக்கிற பிள்ளையையே மறைத்துவிடுகிற பெரிய பேஸ் கிட்டாரும் உண்டு. பழைய பள்ளிக்கூடத்து மாடியில் ஒத்திகை. நடத்துகிறவரைப் பிள்ளைகள் மாஸ்டர் என்பார்கள். நான் அவளைக் கொண்டுபோய் விட்டேன், கூட்டிவந்தேன், பிறகு சும்மா நிற்கப் பிடிக்காமல் நாற்காலி போட்டேன். கடைசியில் என் பழைய வேன்தான் குழுவின் வேன் என்று ஆகிவிட்டது.

அங்கேதான் சுருட்டை அறிமுகம். தலைமுடியை வைத்து வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். பாப்பாவும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே இசைத்தாள் தாங்கியைப் பங்கு போட்டவர்கள். பக்கம் புரட்டுவது யார் என்று மட்டும்தான் அவர்களுக்குள் தகராறு வரும். என் வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டு இருந்தது. நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் குழுவுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. வெளியிலிருந்து இசையமைப்பாளர்கள் வந்து இந்தக் குழுவுக்கென்றே புதிதாக எழுதிக்கொடுப்பது, பெயர்பெற்ற தனி வாசிப்பாளர்கள் வந்து கூட வாசிப்பது, எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிடுவது என்று ஏற்பாடு. பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. செலோ என்கிற, தரையில் ஊன்றி வாசிக்கும் வயலினோடு பெரியவர் ஒருவர் வந்தார். வாத்தியத்தைவிட அவர் மெலிந்திருப்பார். இசையமைப்பாளர்களில் ஒருவர் அம்மையார். கிராப் வெட்டிய நரைத்த தலை, எப்போதும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. பிள்ளைகள் மேடம் என்றார்கள். வெளிநாட்டில், தன் ஊரில் ஒரு இசைக் கல்லூரியில் அவர் பேராசிரியர்.

ஒலிப்பதிவுக்கூடத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். சுவரெல்லாம் துணி, கதவு தலையணை மாதிரி தடிமன். சிவப்பு விளக்கு எரிந்தால் மூச்சுவிடக்கூட யோசிக்க வேண்டும். கைக்கடிகாரம், வளையல், உலோகப் பொத்தான் எல்லாவற்றையும் கழற்றி என்னிடம்தான் கொடுப்பார்கள். ஒரு பையனின் வயிறு உறுமியதால் நல்ல வாசிப்பு ஒன்று வீணானது. அதிலிருந்து சிவப்பு விளக்குக்கு முன்னால் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுப்பதும் என் வேலையானது.

மேடம் எழுதிய உருப்படியில் ஒரு தனிக் கிட்டார் பகுதி இருந்தது. அதை வெளியாள் வாசிக்க வேண்டாம், பிள்ளைகளில் ஒருவரே வாசிக்கட்டும் என்று அவர் முடிவுசெய்தார். பாப்பாவும் சுருட்டையும் வாசித்துக் காட்டினார்கள். மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுருட்டை பிசிறில்லாமல் வாசித்தாள். பாப்பா ஓரிடத்தில் தடுமாறினாள், ஆனாலும் அவள் முடித்த பிறகு மேடம் உடனே கண்ணைத் திறக்கவில்லை. அவளைத்தான் தேர்ந்தெடுத்தார். சுருட்டை முகம் ஒரு கணம் வாடியது. பிறகு ஓடிவந்து கட்டிப்பிடித்து, "சொதப்பிட்டு வந்தே, மவளே, பக்கம் புரட்டவே மாட்டேன் உனக்கு" என்றாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பதிவு தொடங்கிய நாள் மதியம், தாழ்வாரத்தில் பிஸ்கட் டப்பாவோடு நின்றிருந்த என்னிடம் மேடம் வந்தார்.

"உங்க பொண்ணை எங்கிட்ட அனுப்பிடுங்க. நாலு வருஷம். தங்குறது, படிப்பு எல்லாம் கல்லூரி பார்த்துக்கும். இந்த மாதிரி ஒரு பிள்ளை அடிக்கடி கிடைக்காது."

"ரொம்ப சந்தோஷம் மேடம்," என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். எந்தத் தகப்பனும் அப்படித்தான் சொல்வான்.

பாப்பாவுக்கு அவர் காலையிலேயே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. சாயங்காலம் வாத்தியங்களை வேனில் ஏற்றும்போது அவள் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "அப்பா, மேடம் சொன்னாங்களா? பயப்படாதேப்பா. ஒரே வருஷம், அப்புறம் உன்னையும் கூட்டிக்குவேன்." அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா என்ன சொன்னாள் என்று அவளுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. அப்போது அவளுக்கு வயது ஐந்து.

பிறகு நடந்தது ஊரறிந்தது. வேனின் பக்கக் கதவு தள்ளி மூடுகிற கதவு. பாப்பா முன் இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தாள். சுருட்டை பின்னால் நின்று பக்கக் கதவை இழுத்து மூடினாள். பாப்பாவின் வலது கை இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள தூணைப் பிடித்திருந்தது. விரல்நுனிகள் கதவு வந்து பொருந்துகிற இடத்தில் இருந்தன. அவ்வளவுதான். சத்தம் பெரிதாக இல்லை. பாப்பா அலறக்கூட இல்லை, ஆச்சரியப்பட்டதுபோல என்னைப் பார்த்தாள். கத்தியது சுருட்டைதான். மறுநாள் காலை பாப்பாவின் தனிப் பகுதியைப் பதிவு செய்வதாக இருந்தது.

மருத்துவமனையில் மூன்று விரல்களின் நுனி எலும்பு நொறுங்கியிருக்கிறது என்றார்கள். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். அறுவைச் சிகிச்சை முடித்து வெளியே வந்த டாக்டர் களைப்போடு சிரித்தார். "கவலைப்படாதீங்க. விரல் வேலை செய்யும். பேனா பிடிக்கலாம், பொத்தான் போடலாம். நகம் முளைக்கிற இடம்தான் நசுங்கிப்போச்சு, அது முன்ன மாதிரி வராது." நகம் போனால் என்ன என்ற தொனியில்தான் சொன்னார். பாப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் என்னைத் தேற்றினாள். "அழாதேப்பா. நீ அழுதா எனக்கு இன்னும் வலிக்குது."

நான் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன். அதை நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

மாஸ்டர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சின்னப் பொண்ணு. வேணும்னு பண்ணியிருக்கமாட்டா, மாஸ்டர்" என்றேன். யாரும் அப்படிக் கேட்கவே இல்லை. நான் சொன்ன பிறகுதான் அவர் அதை யோசித்தார். மருந்து இறங்குவதுபோல அந்தச் சொல் அவருக்குள் இறங்குவதைப் பார்த்தேன். தேர்வில் தோற்றவள், கதவை மூடியவள், மறுநாள் பதிவு. ஒரு வாரத்துக்குள் குழுவில் காதோடு காதாக அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் எந்த இடத்திலும் சுருட்டைமேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவளுக்காகத்தான் பேசினேன். பேசப் பேச அவர்கள் இன்னும் அதிகமாகத் தலையாட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடையை மதியம்தான் திறந்தேன். காலை முழுவதும் பாப்பாவோடு இருந்தேன். ஸ்பூனால் ஊட்டினேன். கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை சுற்றி, அவளை நாற்காலியில் சாய்த்துத் தலை அலசிவிட்டேன். மறுபடி பின்னல் போட்டேன், கை மறக்கவில்லை. சாயங்காலங்களில் சீட்டு விளையாடினோம். ஒரு கையால் அவளுக்குச் சீட்டு பிடிக்க வராது, நான் இரண்டு பேருடைய சீட்டையும் பிடித்துக்கொண்டு, அவளுடையதைப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்வேன். அவள் சில சமயம் சிரித்தாள். சில சமயம் நடுவில் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் புரியாது.

சுருட்டை தினமும் வந்தாள். வாசலிலேயே நிற்பாள்.

"அங்கிள், அவ முழிச்சிருக்காளா?"

"இப்பதான் தூங்குனாம்மா."

"நான் வந்தேன்னு சொல்றீங்களா?"

"சொல்றேன்."

உள்ளே பாப்பா கேட்பாள். "யாருப்பா?"

"பக்கத்து வீட்டுக்காரங்கம்மா, சும்மா விசாரிச்சாங்க."

"சுருட்டை வரலையா?"

"அவளுக்கு என்ன சங்கடமோ. வருவா."

அவளுடைய போனை நான்தான் வைத்திருந்தேன். வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறது என்று அவளே சொல்லியிருந்தாள். சில நாட்களில் சுருட்டை வருவது நின்றது. குழுவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள் என்று மாஸ்டர் சொன்னார். முதல் வரிசையிலிருந்து அவளை அவர் பின்னால் மாற்றியிருந்தார். பேச்சு அடங்கும்வரை என்று நினைத்தாராம்.

பிறகு ஒரு மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. அந்த முடியை ஒட்ட இழுத்துக் கட்டியிருந்தாள். வேறு ஆள் மாதிரி இருந்தாள்.

"அங்கிள், என் கண்ணை டெஸ்ட் பண்ணணும்."

"ஏம்மா, என்ன செய்யுது?"

"தெரியல. அன்னைக்கு அவ கை அங்க இருந்தது எனக்குத் தெரியவே இல்ல அங்கிள். எப்படித் தெரியாம போச்சு? பக்கத்துலதானே நின்னேன். எல்லாரும் நான் பார்த்துட்டுதான் மூடுனேன்ங்கிறாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. பார்த்தேனோன்னு. கண்ணுல ஏதாச்சும் கோளாறு இருந்தா சொல்லுங்க. இருந்தா நல்லாயிருக்கும்."

உட்காரவைத்தேன். தாடையைத் தாங்கியில் வைத்தாள், இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். வலது கை நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். இரண்டு கையும் ஒன்றுபோல இருந்தன.

முறைப்படி எல்லாச் சோதனையும் செய்தேன். என் தொழிலில் நான் அரைகுறை வேலை பார்ப்பதில்லை. இது தெளிவா, இது தெளிவா என்று லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்டேன். எழுத்து அட்டையின் கடைசி வரியைப் படித்தாள். அதற்குக் கீழே அட்டையை அச்சடித்த இடத்தின் பெயர் பொடியாக இருக்கும், அதையும் படித்தாள். நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒரு பென்சிலைக் காதுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கொண்டுவந்தேன். தெரிகிறது என்று உடனே சொன்னாள். அவ்வளவு நல்ல கண்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"பக்கவாட்டுப் பார்வையில கொஞ்சம் குறை இருக்கும்மா," என்றேன். "அதனாலதான் உனக்குத் தெரியல."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். விரலிடுக்கு வழியாக, "அப்போ நான் பார்த்துட்டு மூடலையே அங்கிள்?" என்றாள்.

"இல்லம்மா. உன் மேல தப்பில்ல. கண்ணு மேலதான் தப்பு."

மிகக் குறைந்த பவரில் ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். தேவையில்லாத கண்ணுக்குக் கண்ணாடி போட்டால் சாயங்காலமானால் லேசாகத் தலை வலிக்கும், வேறொன்றும் ஆகாது. காசு வாங்கவில்லை. அவள் அதைப் போட்டுக்கொண்டு, கதவருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். இதை நீங்கள் கொடுமை என்று நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள், அவளுக்கு நிம்மதி தேவைப்பட்டது, நான் கொடுத்தேன். அந்த நேரத்தில் வேறு யாரும் அவளுக்கு எதுவும் கொடுக்கவில்லை.

பாப்பா அவளைக் கண்ணாடியோடு ஒருநாள் தெருவில் பார்த்துவிட்டாள். கட்டுப் பிரிக்கப் போய்விட்டுத் திரும்பும்போது, வேன் சன்னல் வழியாக. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அவளுக்கு எப்பப்பா கண்ணு கெட்டுச்சு?"

"கொஞ்ச நாளா இருந்திருக்கும்மா."

"கண்ணு தெரியலன்னு தெரிஞ்சுமா கதவை அப்படி மூடுனா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது மட்டும்தான் நான் செய்தது. அதன் பிறகு பாப்பா அவளைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். சுருட்டையின் தட்டை எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன்.

எல்லாம் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒலிப்பதிவை முடிக்க மேடமும் மற்றவர்களும் மறுபடி வந்தார்கள். தனிப் பகுதியை வேறு பிள்ளைக்குக் கொடுக்க மேடம் ஒப்பவில்லை. செலோப் பெரியவரே அதை வாசிப்பது என்று மாற்றி எழுதியிருந்தார். பாப்பா பார்க்க வருவேன் என்றாள். வேண்டாம், மனசு கஷ்டப்படும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

பதிவுக்காரர் உட்காருகிற கண்ணாடி அறையில் அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் பெரியவர் செலோவோடு உட்கார்ந்திருந்தார். மூன்று முறை வாசித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கூடி வரவில்லை. மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பாப்பா மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், அந்த இடத்துல பேஸ் கிட்டார் நாலும் வேண்டாம். விட்டுப் பாருங்க. செலோ அடியில இருக்கு, அவங்களும் அடியில போறாங்க. அது மூழ்கிடுது."

மேடம் அவளைப் பார்த்தார். பிறகு பேசும் பொத்தானை அழுத்தி, பேஸ் கிட்டார்களை நிறுத்தச் சொன்னார். மறுபடி வாசித்தார்கள். எனக்குச் சங்கீதம் அவ்வளவு தெரியாது, ஆனால் அந்த இடம் வந்தபோது என் கையிலிருந்த பிஸ்கட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன். பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார். பாப்பாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆனால் அவள் முகம், தேர்வில் வாசித்து முடித்த அன்றைக்கு இருந்ததைப் போலவே இருந்தது.

நான் கையைத்தான் நினைத்திருந்தேன். காதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

அதிலிருந்து மேடம் வாரா வாரம் அவளோடு போனில் பேசினார். பாப்பா இடது கையால் சின்ன மின்பியானோ ஒன்றை வைத்துத் தட்டித் தட்டி ஏதோ எழுதினாள். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, மேடம் என்னைக் கூப்பிடுறாங்க. வாசிக்க இல்ல, எழுதப் படிக்க. உன் விரலை யாரு கேட்டா, உன் காதைத்தான் கேட்டேன்னு சொல்றாங்கப்பா. இடம் கிடைச்சிடுச்சு. அடுத்த மாசம் முதல் வாரம் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. அந்த வெள்ளிக்கிழமை கிளம்புறேன்."

"ரொம்ப சந்தோஷம்மா," என்றேன்.

அவளுடைய காதுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் முழுக்க ஒரே வீட்டில் இருந்தோம், நினைத்திருந்தால் முடியாததில்லை. நான் அப்படிப்பட்டவன் அல்ல.

இப்போது அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே வந்தேன். நான் வேனைப் பார்த்தபடி பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும். சுருட்டைக்குத் தெரியாது. வெளியே தள்ளி நின்ற பக்கக் கதவே அவள் பார்வையை மறைத்தது, தூணின் உள்பக்கத்தில் விரல்கள் இருந்தன. கழுகுக் கண் உள்ளவளுக்கும் அந்த இடத்திலிருந்து தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் தேய்த்துக் கொடுத்திருந்தேன், நகங்கள் சாயங்கால வெயிலில் பளபளத்தன. பாப்பா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு காலை மேலே வைத்தாள்.

சுருட்டை கேட்டாள். "அங்கிள், மூடட்டுமா?"

நான் விரல்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, "மூடும்மா. பலமா மூடு, இல்லன்னா பிடிக்காது" என்றேன்.

நான் கதவைத் தொடவில்லை. ஆனால் செய்தது நான். சுருட்டை நான் சொன்னதைச் செய்தாள், பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பெண் அவள். அவளுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நான் சொன்னதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்னை மாட்டிவிடுவதுபோல ஆகும் என்று நினைத்திருப்பாளோ என்னவோ. அவளை இனி யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. அந்தக் கண்ணாடியையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். அவளுக்காகத்தான், அவளுடைய பழியைத் துடைக்கத்தான், என் மனசாட்சி பொறுக்காமல்தான் நானாக ஸ்டேஷனுக்கு நடந்து வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். என் கடைக்கு வக்கீல் ஒருவர் வருவார். செவ்வாய்க்கிழமை அவருடைய கண்ணாடிக்குப் புது ஃபிரேம் பொருத்திக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் விசாரித்தேன். இந்த மாதிரி வழக்கில் காயம்பட்டவரையும் நேரில் இருந்தவரையும் விசாரிக்காமல் விடமாட்டார்கள், தேவைப்பட்டால் வெளிநாடு போகாமல் நிறுத்தி வைக்கக்கூட முடியும் என்றார். பாப்பா காயம்பட்டவள். நேரில் இருந்தவளும் அவள்தான். அவளுடைய வாக்குமூலம் இல்லாமல் இந்த வழக்கு நிற்காது, இல்லையா? வழக்கு என்றால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றும் சொன்னார்.

இன்றைக்குப் புதன், நாளை மறுநாள் அவள் கிளம்ப வேண்டும். அவளுடைய பெட்டி கூடத்தில் இருக்கிறது. நீங்கள் நாளைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டால் நல்லது. வீட்டில் இருப்பாள், கதவு திறந்துதான் இருக்கும். கேட்டதும் அவள் என்னைப் பார்க்கவே வரமாட்டாள், அது எனக்குத் தெரியும். ரொம்ப நாளைக்குக் கோபமாக இருப்பாள். ஆனால் இங்கேதான் இருப்பாள்.